வீட்டுப் பாம்பு திடீரென்று முட்டை இட்டுவிட்டால்: கோழி முட்டைக் கணக்கு இங்கே செல்லாது

ஒற்றைப் பாம்புதானே இருக்கிறது, முட்டைக்கு வழியில்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வீட்டில் வளர்க்கும் வெளிநாட்டுப் பாம்புகளான கார்ன் ஸ்நேக் (corn snake), பால் பைதான் (ball python) இரண்டிலும் பெண் பாம்பு, சேர்க்கைக்குப் பிறகு விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருக்கும். வாங்குவதற்கு முன்பு ஒரு ஆணோடு ஒரே பெட்டியில் கிடந்திருந்தாலே போதும். ஆணே இல்லாமல் கருவுற்ற பால் பைதான்களும் உண்டு.

நம் கொங்குப் பக்கம் கோழியை அடை வைக்கத் தெரியாத தோட்டத்து வீடு குறைவு. நாமக்கல், பல்லடம் பக்கம் குஞ்சு பொரிப்பானும் எளிதில் கிடைக்கும். முட்டையைப் பார்த்ததும் கை அதைத்தான் தேடும். வேண்டாம். கோழி முட்டைக்கு 37.5 டிகிரி வைத்து, நாளுக்குப் பலமுறை உருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாம்பு முட்டையில் கரு ஒட்டிக்கொள்வதுதான் இயல்பு. இட்ட ஒரு நாளுக்குள் மேல்பக்கமாக ஒட்டி வளரத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு புரட்டினால் கரு மஞ்சள் கருவுக்கு அடியில் அமுங்கிச் சாகும். 37.5 டிகிரியோ இந்த இரண்டு வகைப் பாம்பு முட்டையையும் கொன்றுவிடும்.

எனவே முதல் வேலை: முட்டைகளைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஓட்டுக்குள் ஊறும், வேண்டாம். பிறகு எங்கே எடுத்து வைத்தாலும் புள்ளி மேலேயே இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தைப் பிரிக்கக் கூடாது, தோல் கிழியும். பால் பைதான் முட்டைகளைச் சுற்றிக் கிடந்தால் தலையைத் துண்டால் மூடி, வால் பக்கத்திலிருந்து மெல்லப் பிரித்தெடுங்கள். தாயின் வயிற்றில் இன்னும் கட்டி தெரிந்து, ஒரு நாள் கழிந்தும் இடாமல் இருந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முட்டைகளைவிட அது அவசரம்.

இருட்டில் டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஒளியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு கூடியது. சிறுத்து, மஞ்சளடித்து, மெழுகு போலக் கெட்டியாக இருந்தால் கூமுட்டை. சந்தேகமாக இருப்பதையும் சேர்த்தே வையுங்கள். ஒரு வாரத்தில் அதுவே சொல்லிவிடும்.

பதினைந்து பாம்புக்குட்டிகளுக்கு எலி வாங்கிப் போட முடியுமா என்பதை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். முடியாதென்றால் இட்ட அன்றே ஃப்ரீஸரில் வைத்துவிடுவது நேர்மை. குட்டி வந்தபின் தோட்டத்தில் விட்டுவிடுவது குற்றம், பாவம் இரண்டும். சட்டமும் உண்டு. பால் பைதான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருவதால், தாயை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், குட்டி பிறந்ததையும் தெரிவிக்க வேண்டும். தென்னை மட்டைக் குவியலில் கிடைக்கும் நாட்டுப் பாம்பு முட்டைக்கு இந்தக் குறிப்பு பொருந்தவே பொருந்தாது. அதைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முட்டையைப் புதைத்து வைக்கும் அடைப் பொருளுக்கு வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நல்லது. மாடித் தோட்டக் கடைகளில் கிடைக்கும். எடைக்கு எடை கணக்கு: 300 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 240 முதல் 300 கிராம் தண்ணீர். கலந்து கைப்பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைப் போடலாமே என்று தோன்றும். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம், அது முட்டையிலிருந்து நீரை இழுக்கும். பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். வேறு வழியே இல்லாவிட்டால் பலமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு அங்குலத்துக்கு இதைப் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைய வையுங்கள். மூடிக்குக் கீழே இரண்டு சிறு துளைகள் போதும். வாரம் ஒருமுறை அரை நிமிடம் திறந்து காற்று மாற்றுங்கள். முட்டையின் மேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது.

இந்த டப்பாவை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியின் அடியில் நான்கு அங்குலம் தண்ணீர், அதில் மீன்தொட்டி ஹீட்டர், நடுவே தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் செங்கற்கள், அவற்றின் மேல் டப்பா. ஹீட்டரில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாமல் தனி டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போட்டு, அதன் சென்சார் முனையை டப்பாவுக்குள் முட்டை மட்டத்தில் வையுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு 28 டிகிரி, ஏறக்குறைய 60 நாள். பால் பைதானுக்கு 31 முதல் 32, ஏறக்குறைய 55 முதல் 60 நாள். இதையெல்லாம் அமைத்துச் சோதிக்க ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை ஈரமான வெர்மிகுலைட்டில், குளிர்ச்சியான அறையில் முட்டை காத்திருக்கும்.

நம் ஊரில் ஆபத்து குளிரில் இல்லை, வெயிலில் இருக்கிறது. கார்ன் ஸ்நேக் பெரும்பாலும் கோடையை ஒட்டித்தான் முட்டை இடும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும், அறையைக் குளிர்விக்காது. கார்ன் ஸ்நேக் முட்டை 32-க்கு மேலும், பால் பைதான் முட்டை 34-க்கு மேலும் தொடர்ந்து போனால் முதுகெலும்பு வளைந்த குட்டி வரும், அல்லது உள்ளேயே சாகும். மொட்டை மாடி அறை, சிமெண்ட் ஷீட் கூரை இரண்டும் கூடாது. கீழ்த்தளத்தில் வெயில் படாத உள் அறையின் தரையில் வையுங்கள். அதுவும் போதாதென்றால் ஏசி அறை. அங்கே ஹீட்டர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போய் சில மணி நேரம் 25-க்கு இறங்கினால் பயமில்லை.

தாராபுரம், காங்கேயம் போலக் காற்று வறட்டும் இடங்களில் டப்பா சீக்கிரம் காயும். தொடங்கும்போதே மொத்த எடையைக் குறித்து வையுங்கள். பிறகு எடை எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவு வெதுவெதுப்பான தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். முதல் மாதத்திலேயே எல்லா முட்டையும் குழிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு, அப்போது பதறித் தண்ணீர் சேர்த்துவிடாதீர்கள். மூடியில் கோர்க்கும் நீர் முட்டை மேல் சொட்டினால் டப்பாவைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், நீர் ஓரமாக வழியும். ஒரு முட்டை பூசணம் பிடித்து நாறினால், தனியாக இருந்தால் எடுத்துவிடுங்கள். கொத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் விடுங்கள். கரு கூடிய முட்டை பக்கத்து அழுகலைப் பெரும்பாலும் தாங்கும்.

ஓட்டில் கீறல் விழுந்து மூக்கு எட்டிப் பார்த்ததும் குட்டியை இழுக்காதீர்கள். மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் போக ஒன்றிரண்டு நாள் அப்படியே இருக்கும். இழுத்தால் தொப்புள் கிழியும். தானாக வெளியே வந்த குட்டியை ஈரமான டிஷ்யூ தாள் விரித்த தனி டப்பாவில், சின்னத் தண்ணீர் மூடியோடு விடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும். அதற்குப் பிறகு இரை: கார்ன் ஸ்நேக் குட்டிக்கு, அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குஞ்சு; பால் பைதான் குட்டிக்கு ரோமம் முளைத்த சுண்டெலிக் குட்டி.