லோ என்ட்ரன்ஸ் கிரகித்தல்: பந்தியை எப்பிடிப் பிடிக்கிறது

கிளிநொச்சியில இருந்து லோ என்ட்ரன்சுக்கு, அதான் சட்டக்கல்லூரி நுழைவுச் சோதினைக்கு, படிக்கேக்க நான் பந்தியை விட்டுட்டு நேர கேள்விக்குத்தான் ஓடுறனான், பேந்து பந்திக்கும் கேள்விக்கும் மாறி மாறி ஓடி நேரம் போனதுதான் மிச்சம். முதல்ல ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ. விபரம் பாடமாக்க வேண்டாம், எழுதினவர் ஆரின்ர பக்கம் நிக்கிறார் எண்டு பிடிச்சாக் காணும்.

இப்பிடி ஒரு பந்தி எண்டு வைப்பம்: 'கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுத்தால் சிறுபோக நெற்செய்கை பாதிக்கும் என்ற கமக்காரரின் பயம் நியாயமானதே. ஆனால் முறையான பங்கீடு இருந்தால் இரண்டுக்கும் வழியுண்டு.' எழுதினவரின்ர கருத்து என்ன? 'ஒருபோதும் கொடுக்கக்கூடாது' எண்ட விடை எங்கட வீட்டில வயல் செய்யிறவைக்கு இனிக்கும், ஆனா பந்தியில அது இல்லை. 'பயம் ஆதாரமற்றது' எண்டதும் பிழை, நியாயம் எண்டு அவரே சொல்லிப்போட்டார். 'நிபந்தனையோடு கொடுக்கலாம்' தான் சரி. 'ஆனால்' வாற இடத்தில பென்சிலால ஒரு வட்டம் போடுங்கோ, 'எல்லா', 'ஒருபோதும்' எண்டு வந்தா ஒருக்காச் சந்தேகப்படுங்கோ.

இங்கிலிஷ் ஓடுமெண்டா அமெரிக்கா, கனடாப் பக்கம் சட்டம் படிக்கப் போறவை எடுக்கிற எல்சாட் (LSAT) சோதினைப் பந்தியள் நல்ல பயிற்சி. அதின்ர கிரகித்தல் பகுதியில 35 நிமிசத்தில 4 பந்தித் தொகுதி, ஒண்டில ரெண்டு சின்னப் பந்தியை ஒப்பிடோணும். அதில பிழை விடைக்குப் புள்ளி வெட்டுறேல்ல, ஒண்டையும் வெறுமனே விடாதேங்கோ. முதல் கிழமை மணிக்கூடு பாக்காமச் செய்யுங்கோ, பிழைச்ச விடை ஏன் பிழை எண்டு பக்கத்தில ஒரு வரி எழுதுங்கோ.