ஃபிஜியில் ஆறு மாதம் குடியிருக்க: தம்பதியருக்கான வழிகாட்டி

செங்கோட்டைக்காரர்களுக்கு மழை மறைவு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் கொட்டித் தீர்க்கிற மழை, இந்தப் பக்கம் சாரலாக மட்டும் வந்து சேர்வதை ஒவ்வோர் ஆனி ஆடியிலும் பார்க்கிறோம். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் ஃபிஜியில் மாதக்கணக்கில் தங்க நினைக்கும் கணவனும் மனைவியும் வீடு தேடுவதற்கு முன்பு முடிவு செய்ய வேண்டியதும் இதுவே: மலைக்கு எந்தப் பக்கம் இருக்கப் போகிறோம்?

ஃபிஜியின் மிகப் பெரிய தீவான விட்டி லெவுவின் நடுவே மலைகள் நிற்கின்றன. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று கொண்டுவரும் ஈரத்தைக் கிழக்குக் கரை வாங்கிக்கொள்வதால், தலைநகரான சுவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேற்கே இருக்கும் நந்தி, லவுடோகா, பா ஆகிய ஊர்கள் மழை மறைவில் இருப்பதால், வெயில் காய்ந்து கரும்பு விளைகிறது. நாங்கள் இதைப் பொருட்படுத்தாமல் முதல் மாதம் சுவாவில் வீடு பிடித்தோம். மூன்றாம் வாரம் பெட்டியைத் திறந்தபோது தோல் பெல்ட்டில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. தீக்குச்சி உரசினால் மருந்து உதிர்ந்ததே தவிரப் பற்றவில்லை. லவுடோகாவுக்கு மாறிய பிறகே துணி ஒரே நாளில் காய்ந்தது. மூட்டுவலி உள்ளவர்கள் மேற்குக் கரையையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

புறப்படும் காலமும் அதே அளவுக்கு முக்கியம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் வரும் பருவம். 2016 பிப்ரவரியில் அடித்த வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். மே முதல் அக்டோபர் வரை இதமான காலம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. இறங்கியதும் நான்கு மாதத்திற்குப் பார்வையாளர் அனுமதி தருகிறார்கள், விண்ணப்பித்தால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். ஆக, மே தொடக்கத்தில் இறங்கினால் அனுமதியும் நல்ல பருவமும் ஒன்றாக முடியும். திரும்பி வரும் பயணச்சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. இந்த அனுமதியில் வேலை பார்க்கக் கூடாது.

நமக்கு அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து நந்தி என்று போவது வசதி. சிட்னி வழியாகச் சீட்டு மலிவாகக் கிடைத்தாலும், விமானம் மாறுவதற்கே ஆஸ்திரேலிய விசா எடுக்க வேண்டியிருக்கும். ஊறுகாய், வடகம், விதை என்று உணவுப் பொருள் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். துவரம்பருப்பும் மசாலாவும் அங்கே கடைகளிலேயே கிடைப்பதால் பெட்டியை மருந்துகளுக்கு விடலாம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். மலேரியா அங்கே இல்லை, டெங்கு உண்டு. ஆகவே வாடகை வீட்டில் முதலில் ஜன்னல் கொசுவலையைத் தடவிப் பாருங்கள், அதன்பின் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மின்செருகி மூன்று தட்டைக் கால் கொண்ட ஆஸ்திரேலிய வகை.

லவுடோகா சந்தையில் மரவள்ளிக் கிழங்கும் சேம்பும் குவிந்து கிடக்கும். கப்பையும் மீன்கறியும் தின்று வளர்ந்த எல்லைப்புறத்தாருக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இராது. சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தருவார்கள். நன்றாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். பேச்சுக்கு, அங்குள்ள இந்திய வம்சாவளியினர் பேசும் ஃபிஜி இந்தி கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். 1879 மே 14 அன்று முதல் கப்பல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளில் தமிழ் பேசுவோர் மிகச் சிலரே. நந்தியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் வண்ணக் கோபுரத்தடியில் ஒரு மூதாட்டி, தமிழில் அம்மாவும் தண்ணியும் மட்டுமே தமக்குத் தெரியும் என்று இந்தியில் சொல்லி என் மனைவியின் கையை வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தார். அத்தகையவர்களிடம் பூர்வீக ஊர்ப் பெயரைக் கேட்டுத் துருவாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

பழங்குடிக் கிராமங்களுக்குள் அழைப்பின்றி நுழையக் கூடாது. போகும்போது யங்கோனா (கவா என்றும் சொல்லும் செடி) வேர்க்கட்டு ஒன்றைச் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தருவார்கள். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மூடியிருக்க, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த வேர்க்கட்டை ஊர்ப் பெரியவர் முன்னால் வைக்க வேண்டும். இதற்குச் செவுசெவு என்று பெயர். வேர்ப்பொடியை நீரில் கரைத்துச் சிரட்டையில் தருவார்கள். ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று முறை கைதட்ட வேண்டும். சேற்றுநீர் போன்ற சுவை. நாக்கு சிறிது மரத்துப்போகும். குழந்தையின் தலையை அன்பாகக்கூடத் தொடாதீர்கள், அங்கே தலை புனிதமானது. ஞாயிறு தேவாலயத்திற்கான நாள் என்பதால் அன்று போகாதிருப்பதே மரியாதை.

இருவர் மட்டுமே நாள் முழுவதும் முகம் பார்த்திருக்கும் வாழ்க்கை நம் கூட்டுக் குடும்பப் பழக்கத்திற்குப் புதியது. இரண்டாம் மாதம் எங்களுக்குள் சிறு விஷயத்திற்கெல்லாம் பிணக்கு வந்தது. பிறகு காலையில் நான் தனியே கடற்கரை நடைக்கும், அவர் தனியே சந்தைக்கும் போவது என்று வைத்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டின்போது பேசுவதற்குச் செய்தி இருந்தது. பணம் ஒருவர் கணக்கில் மட்டும் இருக்க வேண்டாம், ஆளுக்கொரு வங்கி அட்டை இருக்கட்டும். ஃபிஜி நமக்கு ஆறரை மணி நேரம் முந்தி இருப்பதால், அங்கே இரவு ஏழு மணியானால் செங்கோட்டையில் பகல் பன்னிரண்டரை. வீட்டுச் சாவியை வைத்திருக்கும் உறவினரைத் தொலைபேசியில் அழைக்க அந்த வேளை இருதரப்புக்கும் தோதானது.