சே படம் போட்ட பனியனும் சில தவறுகளும்

கல்லூரியில் சேர்ந்த வருடம் திருப்பூரில் எழுபது ரூபாய்க்கு ஒரு சிவப்புப் பனியன் வாங்கினேன். மார்பில் நட்சத்திரத் தொப்பியோடு சே குவேரா. "யாருடா இவரு?" என்று அப்பா கேட்டபோது, "புரட்சியாளர்" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஆளையே ரசிப்பதாக நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நான் அதைச் சாயம் போகும்வரை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் படத்தை ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்தது 1960 மார்ச் 5 அன்று, கியூபாவின் தலைநகர் ஹவானாவில். முந்தின நாள் துறைமுகத்தில் ஆயுதக் கப்பல் வெடித்து இறந்தவர்களுக்கான இரங்கல் கூட்டம் அது. அந்தப் பார்வையில் தெரியும் கோபம் நிஜம். ஆனால் அதற்கு முந்தின வருடம், கியூபாவில் புரட்சி வென்ற கையோடு, இதே சேயின் பொறுப்பில்தான் ஹவானாவின் லா கபானா கோட்டை இருந்தது. பழைய ஆட்சியின் போலீஸ்காரர்களையும் ராணுவத்தினரையும் அங்கே அவசர அவசரமாக விசாரித்துச் சுட்டார்கள். மேல்முறையீடுகளைப் பார்த்தவரும் சேதான். எத்தனை பேர் என்பதில் ஐம்பது சொச்சத்திலிருந்து சில நூறு வரை கணக்கு மாறுகிறது.

"எல்லாம் அமெரிக்கா கட்டிவிட்ட கதை" என்பது அடுத்த தவறு. சரி, அமெரிக்காவை விடுங்கள். 1964 டிசம்பரில் ஐ.நா. சபையில் சேயே சொன்னார்: சுட்டோம், சுடுகிறோம், தேவைப்படும்வரை சுடுவோம் என்று. அவரே மறைக்காததை அவருக்காக நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம் இந்த வரவு-செலவுக் கணக்கு. "எழுத்தறிவு கொடுத்தார்களே!" கொடுத்தார்கள். 1961-இல் ஒரு லட்சம் இளைஞர்கள், பாதிக்கு மேல் பெண்கள், கையில் லாந்தரோடு மலைக்கிராமங்களுக்குப் போனார்கள். 23 சதவீதமாக இருந்த எழுத்தறியாமை நான்குக்கும் கீழே இறங்கியதாக அரசு அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் அது அந்தப் பிள்ளைகளின் உழைப்பு. சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவனின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் ஒழுங்கில்லை. சேயையும் ஹிட்லரையும் ஒரே தட்டில் வைப்பவர்கள், 1952-இல் கியூபாவின் ஆட்சியைப் பறித்து, பிறகு புரட்சியில் விரட்டப்பட்ட சர்வாதிகாரி பாடிஸ்டாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவருடைய போலீஸ் செய்த சித்திரவதையைப் பார்த்த கியூபர்கள் பலர் அந்தத் தண்டனைகளை ஆதரித்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். இன்னொரு பக்கம் நம் டீக்கடைகளில், "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் நாடு உருப்படும்" என்பார்கள். அப்படிச் சொல்பவர் யாரும், பிடித்துக்கொண்டு போகப்படும் வரிசையில் தன்னை நிறுத்திப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் சேயிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மந்திரி பதவியை உதறிவிட்டு, அங்கும் புரட்சிக்காகப் போராடக் காங்கோவுக்குப் போனார், பொலிவியாவுக்குப் போனார். 1967 அக்டோபர் 9 அன்று லா இகேரா கிராமத்துப் பள்ளிக்கூட அறையில், பிடிபட்ட கைதியாக இருந்த அவரை, விசாரணையே இல்லாமல் பொலிவிய ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் உயர்ந்துவிடுகிறது. லா கபானா பேச்சு வந்தால் அதே குரல் எப்படியோ இறங்கியும்விடுகிறது.