உக்ரேன் போர்க் காணொளி புலனத்தில் வந்தால் என்ன செய்வது?

சுங்கை சிப்புட்டில் காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்தால், செம்பனைக் குலை விலையும் உக்ரேன் போரும் ஒரே மேசையில் பேசப்படுவதைக் கேட்கலாம். இதில் வியப்பில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவில் படையெடுத்ததும் கருங்கடல் வழியாக வர வேண்டிய சூரியகாந்தி எண்ணெய் தடைபட்டது. மார்ச் மாதத்தில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ரஷ்யாவும் பெலாரூசும் விற்கும் பொட்டாஷ் உரமும் கூடவே விலையேறியதால், நான்கைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அந்த ஏற்றம் முழுதாகக் கைக்கு வரவில்லை. போருடன் சேர்ந்து போரைப் பற்றிய பொய்களும் ஊருக்குள் வந்துவிட்டன. குடும்பக் குழு, கோயில் குழு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு என்று எந்தப் புலன (வாட்ஸ்அப்) குழுவைத் திறந்தாலும் அவற்றில் ஒன்றாவது இருக்கிறது. அப்படி வருவதைப் பகிரலாமா, கூடாதா என்று முடிவு செய்ய நான் கையாளும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேண்டியவை ஒரு கைப்பேசி, ஒரு பள்ளிக்கூட நோட்டு, பத்து நிமிடப் பொறுமை.

நோட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, தேதி, சொன்னவர், சொன்னது என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். பழகிப் பார்க்க நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு எம்எச் 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த அந்த விமானம் 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரேனில், ரஷ்ய ஆதரவு ஆயுதக் குழுக்களின் கையிலிருந்த பகுதிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று முதல் உடல்கள் வந்து சேர்ந்தபோது நாடே துக்கம் அனுசரித்தது பலருக்கு நினைவிருக்கும்.

இனி, மாஸ்கோவின் பக்கத்திலிருந்து வந்த விளக்கங்களைத் தேதி வாரியாக எழுதுங்கள். விமானம் விழுந்த மறுநாளே, ஆயுதக் குழுக்களின் தளபதியான இகோர் கிர்கின், பல உடல்கள் முன்பே இறந்துபோனவர்களுடையவை என்று பேசினார். ஜூலை 21 அன்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு, உக்ரேனின் சு-25 போர் விமானம் ஒன்று அருகில் பறந்ததாகச் சொன்னது. நவம்பரில் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான முதல் அலைவரிசை, போர் விமானம் ஏவுகணையை விடுவதைக் காட்டும் செயற்கைக்கோள் படம் என்று ஒன்றை ஒளிபரப்பியது. அது பழைய கூகுள் எர்த் படத்தின்மேல் ஒட்டிச் செய்தது என்று சில மணி நேரத்திலேயே வெளிப்பட்டது. 2015 ஜூனில், தரையிலிருந்து வானுக்கு ஏவும் புக் ஏவுகணையைத் தயாரிக்கும் ரஷ்ய நிறுவனமான அல்மாஸ் ஆன்டே, அடித்தது புக்தான், ஆனால் அது சாரோஷென்ஸ்கே ஊர்ப்பக்கமிருந்து ஏவப்பட்டது, அந்த வகை உக்ரேன் படையிடம் இருக்கிறது என்றது. 2018 செப்டம்பரில் மீண்டும் அமைச்சு வந்து, அந்த ஏவுகணை 1986இல் செய்யப்பட்டு உக்ரேனுக்கு அனுப்பப்பட்டது என்று வரிசை எண்ணைக் காட்டியது.

எழுதி முடித்ததும் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை படியுங்கள். விமானத்தை அடித்தது சு-25 என்றால் தரையிலிருந்து புக் போயிருக்க முடியாது. புக்தான் அடித்தது என்றால் தொலைக்காட்சியில் காட்டிய போர் விமானப் படம் பொய். ஒன்றை நம்பினால் இன்னொன்றைக் கைவிட வேண்டும். ஆனால் சொன்னவர்கள் எதையும் திரும்பப் பெறவில்லை. அடுத்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பொய் சொல்பவன் தன் பொய்யை நாம் நம்ப வேண்டும் என்று விரும்புவான் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே அப்படியில்லை. ஐந்து கதைகளைக் கேட்டுக் களைத்துப்போய், "யாருக்குத்தான் உண்மை தெரியும், எல்லாம் பெரிய நாட்டு அரசியல்" என்று நாம் தே தாரிக்கை உறிஞ்சினாலே அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. 2019இல் நம் பிரதமராக இருந்த மகாதீரே ரஷ்யாவுக்கு எதிரான சான்று எங்கே என்று வெளிப்படையாகக் கேட்டார். அவர் கேட்டபோது எம்எச் 17 விசாரணைக் கூட்டுக்குழுவில் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், உக்ரேன் ஆகியவற்றோடு மலேசியாவும் உறுப்பு நாடு.

அதே பக்கத்தின் எதிர்ப்புறத்தில், விசாரித்தவர்கள் சொன்னதை எழுதுங்கள். 2018 மே மாதத்தில் கூட்டுக்குழு, அந்த புக் ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரிலுள்ள 53ஆவது விமான எதிர்ப்பு ஏவுகணைப் படைப்பிரிவுக்குச் சொந்தமானது என்றது. 2022 நவம்பர் 17 அன்று நெதர்லாந்து நீதிமன்றம், ஏவுகணை பெர்வோமைஸ்கி அருகிலுள்ள ஒரு வயலிலிருந்து ஏவப்பட்டது என்று கண்டு, குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரில் கிர்கின், துபின்ஸ்கி, கார்ச்சென்கோ ஆகிய மூவருக்கும் அவர்கள் நேரில் வராத நிலையிலேயே ஆயுள் தண்டனை விதித்தது. நான்காமவரான புலாத்தோவைப் போதிய சான்றில்லை என்று விடுவித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவையே பொறுப்பாக்கியது. வருடங்கள் போகப் போக இந்தப் பக்கத்தின் கதை மாறவில்லை, விவரம்தான் கூடியது. நான் முதலில் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

அடுத்தது காணொளி. ஒரு நாள் பக்கத்து மேசையில் இருந்த அண்ணன் ஒருவர், ரஷ்ய விமானத்தை ஏவுகணை துரத்துகிறது என்று தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இருட்டு, படம் ஆடிக்கொண்டே இருந்தது, ஏவுகணையின் வால் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒலியைக் கூட்டச் சொன்னேன், ஒலியே இல்லை. இரண்டு நிமிடக் காணொளியில் ஓர் ஆள்கூட நடக்கவில்லை. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் இப்படித்தான் போர்ச் செய்தியாக உலவுகின்றன. அதைத் தயாரித்த பொஹிமியா இன்டராக்டிவ் நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை விட்டு, தெளிவற்ற படம், ஆட்டம், இரவு, ஒலியின்மை, நகரும் மனிதர் இல்லாமை ஆகியவற்றைக் கவனிக்கச் சொன்னது. சந்தேகம் வந்தால் காணொளியை நிறுத்தி, தெளிவான ஒரு சட்டகத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் சிரியாப் போர்க்காலத்தில் வந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

படம் உண்மையாகவே இருந்து, அதற்குச் சொல்லும் கதை பொய்யாக இருப்பதும் உண்டு. அங்கே தேதிதான் கைகொடுக்கும். கீவ் நகருக்கு அருகிலுள்ள புச்சாவில் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் தெருவில் கிடந்த உடல்களின் படங்கள் வெளிவந்ததும், தங்கள் படை மார்ச் 30 அன்றே வெளியேறிவிட்டது, இது பிறகு அரங்கேற்றிய நாடகம் என்று ரஷ்யா சொன்னது. காரிலிருந்து எடுத்த ஒரு காணொளியில் பிணம் கையை அசைக்கிறது என்றும் பரப்பினார்கள். அது முன்கண்ணாடியில் இருந்த நீர்த்துளி செய்த வேலை. மாக்சார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்கள், ரஷ்யப் படை ஊரைக் கையில் வைத்திருந்த மார்ச் நடுப்பகுதியிலேயே யாப்லுன்ஸ்கா தெருவில் அதே இடங்களில் உடல்கள் கிடந்ததைக் காட்டின. ஆகவே, 'அரங்கேற்றம்' என்ற சொல்லைக் கண்டால் எந்தத் தேதியில் எந்த ஊர் யார் கையில் இருந்தது என்பதை முதலில் தேடுங்கள்.

இணையச் சுட்டி வந்தால் முகவரியின் வாலைப் பாருங்கள். ஜெர்மனியின் ஸ்பீகல் இதழின் தளம் 'டாட் டிஇ' என்று முடியும். அதே எழுத்து, அதே சின்னம், அதே வண்ணத்தோடு 'டாட் எல்டிடி' என்று முடிந்த தளம் போலி. டாப்பல்கேங்கர் என்று பெயர் பெற்ற இந்த ரஷ்யச் செயல்பாட்டை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2022 செப்டம்பரில் அம்பலப்படுத்தினார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை இத்தகைய 32 முகவரிகளைப் பறிமுதல் செய்தது. பெயரே கேள்விப்படாத தளம் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. உக்ரேன் அதிபர் ஸெலென்ஸ்கியின் மனைவி 45 லட்சம் யூரோவுக்கு புகாட்டி கார் வாங்கினார் என்ற செய்தி 2024 ஜூலையில் அப்படியொரு பிரெஞ்சுத் தளத்தில் பிறந்தது. கார் விற்பனை நிலையம் மறுத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பிராவ்தா வலையமைப்பு என்ற ரஷ்ய ஆதரவுத் தளக் கூட்டம் பரப்பிய பொய்களை, முன்னணிச் செயலிகள் மூன்றில் ஒரு முறை அப்படியே திருப்பிச் சொன்னதாக நியூஸ்கார்டு அமைப்பு 2025 மார்ச்சில் சோதித்து வெளியிட்டது.

பேசுபவர் யார் என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பொய்க் கணக்குகளை நூற்றுக்கணக்கில் இயக்கிய பீட்டர்ஸ்பர்க் இணைய ஆய்வு முகமையைத் தொடங்கியவர் தாமே என்று, வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோஷின் 2023 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்தில் விமான விபத்தில் இறந்தார். 'கிழக்கு உக்ரேனின் டோன்பாஸில் போராடியவர்கள் உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் மட்டுமே' என்பது மாஸ்கோவின் பழைய பாட்டு. ரஷ்ய உளவுத்துறையில் பணியாற்றிய கிர்கினோ, தம் குழு எல்லையைத் தாண்டி வந்திராவிட்டால் போர் மூண்டிருக்காது என்று 2014 நவம்பரில் ரஷ்யப் பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தார். புதினைக் குறைகூறத் தொடங்கிய அவரை 2024 ஜனவரியில் ரஷ்ய நீதிமன்றமே நான்காண்டு சிறைக்கு அனுப்பியது.

உக்ரேன் தரப்பையும் இதே நோட்டில் வையுங்கள். 'கீவின் ஆவி' என்று புகழப்பட்ட விமானி கற்பனை என்று 2022 ஏப்ரல் இறுதியில் உக்ரேன் விமானப்படையே ஒப்புக்கொண்டது. கருங்கடலிலுள்ள பாம்புத் தீவில் வீரமரணம் அடைந்ததாக அறிவிக்கப்பட்ட காவலர்கள் சிறைப்பட்டு உயிரோடுதான் இருந்தார்கள். காஸாவைப் பற்றி மேற்கு நாடுகள் இரட்டை வேடம் போடுகின்றன என்று நம் மேசையில் எழும் கோபமும் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடுத்த வரியிலேயே புச்சா பொய் என்று ஒட்டியிருந்தால், முதல் வரி தூண்டில் புழு.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரஷ்யாவில் நல்ல சம்பளத்தில் 'உதவியாளர்' வேலை என்று காணொளிகளில் ஆசை காட்டி இந்திய இளைஞர்களை அழைத்துப்போய்ப் போர்முனையில் விட்ட முகவர்கள்மீது 2024 மார்ச்சில் இந்திய மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. அங்கே கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் இருந்தது. அப்படிப்பட்ட விளம்பரம் குழுவில் வந்தால் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் உடனே எச்சரியுங்கள்.

உள்நாட்டில் கேட்க இடமுண்டு. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் செய்தி சரிபார்ப்புத் தளமான செபெனார்ஞா 2017 முதல் இயங்குகிறது. 2025 ஜனவரியில் அது தொடங்கிய ஐஃபா என்ற புலன உதவியாளரிடம் தமிழிலேயே கேட்கலாம்.

கடைசியாக, மறுப்பை எப்படிச் சொல்வது. குழுவில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். அனுப்பியவர் நம்மைவிட மூத்தவராக இருந்தால் அவர் பொய்யை விட்டுவிட்டு மானத்தைக் காக்கத்தான் நிற்பார். புச்சா 'நாடகம்' என்ற செய்தியை எங்கள் குடும்பக் குழுவில் போட்ட மாமாவுக்கு நான் தனியாக அனுப்பியது இவ்வளவுதான்: "மாமா, நீங்க போட்ட படம் ஏப்ரல்ல வந்தது. ஆனா மார்ச்சுலயே வானத்துல இருந்து எடுத்த படத்துல அதே ஆளுங்க அதே இடத்துல கிடக்குறாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க." கூடவே இரண்டு படங்களை அனுப்பினேன். அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலை குழுவில் அந்தச் செய்தி நீக்கப்பட்டிருந்தது, என் தனிச் செய்திக்குக் கீழே, "பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.