லெனோவோவா ஹெச்பியா? கம்ப்யூட்டர் சந்தைப் பங்கை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

2012 அக்டோபர் 10. ஒரே நாளில் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டுக்கான கணக்கை வெளியிட்டன. உலகில் அதிக கம்ப்யூட்டர் அனுப்பியது லெனோவோ என்றது கார்ட்னர். இல்லை, ஹெச்பிதான் என்றது ஐ.டி.சி. ஹெச்பி சும்மா இருக்கவில்லை. சில அறிக்கைகள் முழுச் சந்தையையும் அளப்பதில்லை, வொர்க்ஸ்டேஷனையும் (வடிவமைப்பு, பொறியியல் போன்ற கனமான வேலைகளுக்கான சக்திவாய்ந்த கம்ப்யூட்டர்) சேர்த்து எண்ணும் ஐ.டி.சி. கணக்கே முழுமையானது என்று அன்றே அறிக்கை விட்டது.

இரண்டு கணக்கிலும் லெனோவோவின் பங்கு 15.7 சதவீதம்தான். ஹெச்பியின் பங்கு ஒன்றில் 15.5, மற்றொன்றில் 15.9. பொய் சொன்னது யார் என்று கேட்டால், யாரும் இல்லை. பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பதைத் தொகுதி, கீழே இருப்பதைப் பகுதி என்றார்களே, அந்தப் பகுதியில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாச் சண்டையும். இந்தக் காலாண்டையே எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கணக்குப் போடலாம். எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ போதும். கால்குலேட்டரும் ஒரு தாளும் இருந்தாலும் சரிதான்.

படி 1: எது கம்ப்யூட்டர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக எண்களுக்குப் போவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு. டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது. தகராறு ஓரத்தில் நிற்பவற்றால்தான். கார்ட்னர் பல ஆண்டுகளாகக் குரோம்புக்கை (கூகுளின் குரோம் ஓ.எஸ்.ஸில் ஓடும் லேப்டாப்) கம்ப்யூட்டர் கணக்கில் சேர்க்கவில்லை, ஐ.டி.சி. சேர்த்தது. மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் புரோ போல விசைப்பலகையைக் கழற்றி மாட்டும் சாதனம் கார்ட்னருக்குக் கம்ப்யூட்டர், ஐ.டி.சி.க்கு டேப்லெட்.

டேப்லெட்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? 2011இன் கடைசிக் காலாண்டில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஐபேடையும் கம்ப்யூட்டராகவே எண்ணியது. ஆப்பிள் அந்தக் காலாண்டில் விற்ற ஐபேட் சுமார் 154 லட்சம், மேக் கம்ப்யூட்டர் சுமார் 52 லட்சம். இரண்டையும் கூட்டினால் 206 லட்சம். மொத்தச் சந்தை சுமார் 1,200 லட்சம். வகுத்தால் 17 சதவீதம், உலகிலேயே முதலிடம்! அதே காலாண்டில், டேப்லெட்டைச் சேர்க்காத கார்ட்னரின் உலகப் பட்டியலில் முதல் ஐந்து இடத்தில்கூட ஆப்பிள் இல்லை.

ஆகவே தாளின் முதல் வரியில் இப்படி எழுதி வையுங்கள்: ‘டெஸ்க்டாப் + லேப்டாப், டேப்லெட் இல்லை, உலகம், கார்ட்னர் கணக்கு, 2012 மூன்றாம் காலாண்டு’. எல்லா எண்ணும் இந்த ஒரே வரிக்குக் கட்டுப்பட வேண்டும். லெனோவோவின் எண்ணை கார்ட்னரிலிருந்தும் ஹெச்பியின் எண்ணை ஐ.டி.சி.யிலிருந்தும் எடுத்து ஒரே தாளில் போட்டால் அது கணக்கே இல்லை, கூட்டாஞ்சோறு.

படி 2: ஷிப்மெண்ட் என்றால் ஏற்றுமதி அல்ல

நம் செய்தித் தளங்களில் ‘கம்ப்யூட்டர் ஏற்றுமதி 8 சதவீதம் சரிவு’ என்று அடிக்கடி பார்க்கிறேன். ஷிப்மெண்ட் என்ற சொல்லை அப்படியே மொழிபெயர்த்ததால் வந்த வினை. நாட்டை விட்டு வெளியே போன சரக்கைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. நிறுவனத்திலிருந்து மொத்த வியாபாரிக்கும் கடைக்கும் பெரிய வாடிக்கையாளருக்கும் கிளம்பிப் போன பெட்டிகளின் எண்ணிக்கைதான் ஷிப்மெண்ட்.

கடைக்குப் போனது எல்லாம் விற்றுவிட்டதாகவும் அர்த்தமில்லை. நிறுவனம் காலாண்டு முடியும் நேரத்தில் டீலர் தலையில் சரக்கைக் கட்டிவிட்டால், அந்தக் காலாண்டில் பங்கு கூடும். அடுத்த காலாண்டில் டீலரின் கிடங்கு நிறைந்திருப்பதால் ஆர்டர் வராது, பங்கு இறங்கும். கொரோனாக் காலத்தில் எல்லோரும் லேப்டாப் வாங்கித் தீர்த்த பிறகு, 2022, 2023இல் உலகமெங்கும் இப்படித்தான் சரக்கு தேங்கியது. ஒரே ஒரு காலாண்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து யாரையும் வாழ்த்தவோ தூற்றவோ வேண்டாம் என்பது இதனால்தான்.

இன்னொன்று: இந்த எண்களில் பெரும்பாலானவை மதிப்பீடுகள். ஆப்பிள் எத்தனை மேக் விற்றது என்று சொல்வதையே 2018இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வரும் மேக் எண்ணிக்கை எல்லாம் ஆய்வு நிறுவனங்கள் கணித்துச் சொல்பவை.

படி 3: எண்களைத் தாளில் ஏற்றுங்கள்

அறிக்கைகள் மில்லியனில் இருக்கும். பத்தால் பெருக்கினால் லட்சம். ஏற்றும்போதே மாற்றிவிடுங்கள், பாதி மில்லியன் பாதி லட்சம் என்று வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாம். கார்ட்னர் அன்று வெளியிட்ட எண்கள், லட்சத்தில்:

| நிறுவனம் | 2011 மூன்றாம் காலாண்டு | 2012 மூன்றாம் காலாண்டு |
|---|---|---|
| லெனோவோ | 125.4 | 137.7 |
| ஹெச்பி | 162.2 | 135.5 |
| டெல் | 106.8 | 92.2 |
| மற்றவர்கள் | 559.6 | 509.6 |
| மொத்தம் | 954.0 | 875.0 |

ஏசர், ஆசுஸ் எல்லாரையும் ‘மற்றவர்கள்’ வரியில் அடக்கிவிட்டேன். அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல், பட்டியலில் உள்ள மூன்று பேரை மட்டும் கூட்டி அதை மொத்தம் என்று வைத்தால் லெனோவோவின் பங்கு 37 சதவீதத்துக்கும் மேலே எகிறும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

படி 4: பங்கு

நிறுவனத்தின் எண்ணை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். லெனோவோ: 137.7 ÷ 875 = 15.74 சதவீதம். முந்தைய ஆண்டு 125.4 ÷ 954 = 13.14 சதவீதம். ஹெச்பி 17.00இலிருந்து 15.49, டெல் 11.19இலிருந்து 10.54, மற்றவர்கள் 58.66இலிருந்து 58.24. எக்செல்லில் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது மொத்தம் இருக்கும் கட்டத்தை டாலர் குறி ($) போட்டுப் பூட்ட (இழுத்தாலும் அந்தக் கட்டம் மாறாமலிருக்க) மறக்காதீர்கள். பூட்டாவிட்டால் அடுத்த வரி வெற்றுக் கட்டத்தால் வகுத்து பிழை காட்டும்.

படி 5: வளர்ச்சி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள்

நானும் சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்லைடில் ‘பங்கு 2.6 சதவீதம் வளர்ந்தது’ என்று போட்டுக் கொண்டுபோனேன். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன், ‘தம்பி, இது எந்தச் சதவீதம்?’ என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

லெனோவோ விஷயத்தில் மூன்று வெவ்வேறு எண்கள் இருக்கின்றன, மூன்றும் சரி.

முதலாவது, எண்ணிக்கை வளர்ச்சி. 125.4 லட்சம் 137.7 லட்சமானது: 9.8 சதவீதம்.

இரண்டாவது, பங்கு எத்தனை புள்ளி ஏறியது என்பது. 15.74இலிருந்து 13.14ஐக் கழித்தால் 2.6. இதைச் சதவீதம் என்று சொல்லக் கூடாது, சதவீதப் புள்ளி என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பங்கே எத்தனை சதவீதம் வளர்ந்தது என்பது. 15.74ஐ 13.14ஆல் வகுத்தால் 1.198, அதாவது கிட்டத்தட்ட 20 சதவீதம்.

விளம்பரக்காரர் 20ஐ எடுப்பார், போட்டிக்காரர் 2.6ஐ எடுப்பார். நீங்கள் போட்டியாளர்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வசதி உண்டு: ஒருவர் ஏறினால் வேறு யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும், எல்லாரையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். லெனோவோ +2.6, ஹெச்பி -1.5, டெல் -0.7, மற்றவர்கள் -0.4. கூட்டுங்கள், பூஜ்யம். வராவிட்டால் எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள்.

அல்லது தசமத்தை முன்கூட்டியே வெட்டியிருக்கிறீர்கள். மற்றவர்களின் பங்கை 58.7, 58.2 என்று முதலிலேயே சுருக்கிக் கழித்தால் -0.5 வரும், மொத்தத்தில் 0.1 இடிக்கும். கழித்து முடித்த பிறகே சுருக்குங்கள்.

படி 6: ஏறியது சந்தையாலா, சொந்தப் பலத்தாலா?

எனக்குப் பிடித்த படி இது. அந்த ஆண்டு மொத்தச் சந்தை 8.3 சதவீதம் சுருங்கியிருந்தது. லெனோவோ தன் பழைய 13.14 சதவீதத்தையே வைத்துக்கொண்டிருந்தால் எத்தனை அனுப்பியிருக்கும்? 875இல் 13.14 சதவீதம், 115 லட்சம். அதாவது, சந்தை சுருங்கியதால் மட்டும் அதற்கு 10.4 லட்சம் நஷ்டம். உண்மையில் அனுப்பியதோ 137.7. ஆக, போட்டியாளர்களிடமிருந்து பிடுங்கியது 22.7 லட்சம். 22.7இலிருந்து 10.4ஐக் கழித்தால் 12.3, கண்ணுக்குத் தெரிந்த ஏற்றம் இதுதான்.

ஹெச்பிக்கும் இதையே போட்டுப் பாருங்கள். அது இழந்த சுமார் 27 லட்சத்தில் ஏறத்தாழ பாதி சந்தை சுருங்கியதால் போனது, மீதிப் பாதிதான் மற்றவர்களிடம் பறிகொடுத்தது. ‘ஹெச்பி 16 சதவீதம் வீழ்ச்சி’ என்ற தலைப்பில் இந்தப் பாதிக்குப் பாதி தெரியாது.

இப்போது முதலிடச் சண்டைக்குத் திரும்பலாம். கார்ட்னர் கணக்கில் லெனோவோவுக்கும் ஹெச்பிக்கும் இடைவெளி 2.2 லட்சம். மொத்தச் சந்தையில் அது கால் சதவீதம். ஐ.டி.சி. கணக்கில் ஹெச்பி முந்தியது இன்னும் குறைவாக, சுமார் 1.2 லட்சத்தில். வொர்க்ஸ்டேஷனைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற ஒரு முடிவே இந்த இடைவெளியைப் புரட்டிப் போடப் போதும். இவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் ‘இருவரும் சமம்’ என்று எழுதிவிட்டுப் போவதே நியாயம். முதலிடத்தை விட, ஒருவர் 2.6 புள்ளி ஏறி இன்னொருவர் 1.5 இறங்கியதுதான் அங்கே செய்தி. அடுத்த ஆண்டு இரண்டாம் காலாண்டில் லெனோவோ முதலிடம் என்று இரண்டு நிறுவனங்களுமே ஒத்துக்கொண்டன.

படி 7: எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது?

போன ஆண்டின் அதே காலாண்டோடுதான். கிறிஸ்துமஸ் காலாண்டையும் அதற்கு அடுத்த மந்தமான காலாண்டையும் ஒப்பிட்டால் எல்லா நிறுவனமும் கவிழ்ந்த மாதிரித் தெரியும். ஆனால் போன ஆண்டு எப்படி இருந்தது என்பதையும் எட்டிப் பாருங்கள். 2024 முதல் காலாண்டில் ஆப்பிள் 14.6 சதவீதம் வளர்ந்தது என்றது ஐ.டி.சி., முன்னணி நிறுவனங்களிலேயே அதிகம். பிரமாதம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அதே காலாண்டில் அது 40.5 சதவீதம் சரிந்திருந்தது. நூறு விற்ற கடை அறுபதுக்கு இறங்கி, பிறகு அறுபத்தெட்டுக்கு ஏறினால் அதை எப்படிச் சொல்வீர்கள்? அப்படி.

இதே காலாண்டில் இன்னொரு பொறியும் உண்டு. 2023 முதல் காலாண்டில் மொத்தம் 569 லட்சம் என்று ஐ.டி.சி. அந்த ஏப்ரலில் அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2024இன் 598 லட்சத்தோடு ஒப்பிட அது எடுத்துக்கொண்ட 2023 எண்ணோ சுமார் 589 லட்சம். இடையில் திருத்திவிட்டார்கள், இது வழக்கமான நடைமுறைதான். இது தெரியாமல் பழைய செய்தியிலிருந்து 569ஐ எடுத்தால் சந்தை வளர்ச்சி 5 சதவீதம் வரும். திருத்திய எண்ணோடு 1.5தான். இரண்டு காலாண்டின் எண்ணையும் எப்போதும் ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள். புதிய அறிக்கையில் போன ஆண்டு எண்ணும் பக்கத்திலேயே இருக்கும்.

படி 8: வாங்கிச் சேர்த்த பங்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெனோவோ 2005இல் ஐ.பி.எம்.மின் கம்ப்யூட்டர் தொழிலை வாங்கியது, 2011இல் ஜப்பானின் என்.இ.சி.யோடு கூட்டு சேர்ந்தது, 2018இல் ஃபுஜிட்சுவின் கம்ப்யூட்டர் தொழிலில் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. 2018 மூன்றாம் காலாண்டில் லெனோவோவின் ஏற்றத்துக்கு ஃபுஜிட்சு எண்களைச் சேர்த்ததும் ஒரு காரணம் என்று கார்ட்னரே சொன்னது. இப்படி ஏதாவது நடந்திருந்தால், வாங்கப்பட்ட நிறுவனத்தின் எண்ணைப் பழைய ஆண்டிலும் சேர்த்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். ஏற்றம் அப்படியே நின்றால் அது சொந்த உழைப்பு. காணாமல் போனால் அது காசு கொடுத்து வாங்கியது.

படி 9: நான்கு காலாண்டைக் கூட்டுங்கள்

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்புகளை எல்காட் என்ற அரசு நிறுவனம் மூலம் கொள்முதல் செய்தது. 2019இல் அந்த ஆர்டருக்கு லெனோவோ சரக்கு அனுப்பியபோது, இந்தியா முழுமைக்குமான கணக்கிலேயே லெனோவோவின் பங்கு எம்பியது. ஒரு மாநிலத்தின் ஒரே ஆர்டர்! அதில் கடையில் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. சரக்கு போய் முடிந்ததும் வரைபடம் இறங்கத்தான் செய்யும்.

இதைச் சமாளிக்க, ஒவ்வொரு காலாண்டிலும் அதையும் அதற்கு முந்தைய மூன்றையும் கூட்டி, அதே போலக் கூட்டிய மொத்தத்தால் வகுங்கள். நான்கு பங்குகளின் சராசரியை எடுக்காதீர்கள், எண்ணிக்கைகளைக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். அப்புறம் அந்தக் கோட்டை வரையுங்கள். பெரிய ஆர்டர் வந்த இடத்தில் சிறு மேடு இருக்கும், அதன் பக்கத்தில் காரணத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.