சருகைக் கொளுத்தாதீர்கள், செடிக்குப் போடுங்கள்

மாசி, பங்குனியில் வேம்பும் பாதாமும் கொட்டும் சருகைக் கூட்டித் தீ வைக்காமல், பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, செடிகளைச் சுற்றி 3 அங்குல உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். பாதாம் இலை பெரிதாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை உள்ளே விடாது. அதை மட்டும் கையால் நொறுக்கிப் போட வேண்டும்.

இந்த மூடாக்கு வெயிலை மண்ணில் நேராக விழவிடாது. ஈரம் கூடுதல் நாள் நிற்கும், களை குறையும், அப்புறம் மெல்ல மக்கி அதுவே உரமாகும். கொளுத்தினாலோ, புகையிலுள்ள நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் புகை பெரிய கொடுமை. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது.

பூஞ்சையோ பூச்சியோ பிடித்த இலைகளை இப்படிப் போடக் கூடாது, நோய் பரவும். தைலமர இலையும் வேண்டாம். அதன் எண்ணெய் இளஞ்செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். கரையான் தொல்லை உள்ள வீடானால் சுவர் ஓரத்தில் பரப்பாதீர்கள். அடைமழைக் காலத்தில் நத்தை சேரும், அப்போது சருகை ஒதுக்கிவிடுவது நல்லது.