பீட்ஸா சொல்லத் தெரிந்தால் போதும்: இத்தாலியச் சதுக்கப் பெயர்களை உச்சரிக்கும் முறை

இத்தாலியின் எந்த ஊர் வரைபடத்தைத் திறந்தாலும் தெருப் பெயர்களுக்கு நடுவே 'பியாஸ்ஸா' என்று ஒன்று நிற்கும். ஊர்ச் சதுக்கத்துக்கு அதுதான் பொதுப்பெயர். நம்மில் பலர் அதை ஆங்கிலத்தின் வழியாகக் கற்றுக்கொண்டு தப்பாகச் சொல்கிறோம். நேராகத் தமிழிலிருந்து போனால் வேலை பாதி.

படி 1: பீட்ஸாவைத் திருத்துங்கள்

இத்தாலியர்கள் சொல்வது 'பித்ஸ'. பி குறில். நடுவில் ட் கிடையாது. நுனிநாக்கு மேல்பல்லைத் தொடும் நம்முடைய த் தான். கடைசி எழுத்தையும் நீட்ட வேண்டாம். நான்கைந்து முறை சொல்லிப் பாருங்கள்.

படி 2: ப்யாத்ஸ

இப்போது சதுக்கத்துக்கு வரலாம். 'பி-யா' என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். 'தியாகம்' என்பதை வேகமாகச் சொன்னால் 'த்யாகம்' ஆகிறதல்லவா, அதேபோல 'ப்யா' ஒரே அசை. அழுத்தமும் அதன்மேல்தான். ஆனால் 'ஆ'வை இழுக்காமல் உடனே த் மேல் ஒரு நொடி நின்று, பிறகு ஸ-வை விடுங்கள்: ப்யாத்…ஸ.

அந்த நிறுத்தம்தான் உயிர். எழுத்தில் இரண்டு இசட் வருவது அதற்காகத்தான். இத்தாலியத்தில் 'நொன்னோ' என்றால் தாத்தா, 'நோனோ' என்றால் ஒன்பதாவது. கலைக்கும் கல்லைக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

(சொல்லின் வேர், அகலமான தெருவைக் குறிக்கும் 'ப்லதெயா' என்ற கிரேக்கச் சொல். நம் 'சதுக்கம்' நான்கு தெருக்கள் கூடும் இடம். ஆகவே சதுரமாக இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். ரோமின் ப்யாத்ஸ நவோன, பழைய ஓட்டப்பந்தய மைதானத்தின் மேல் எழுந்ததால் இன்றும் நீளமாக, ஒரு முனை வளைந்தே இருக்கிறது.)

படி 3: சின்னதும் பெரியதும்

சின்னச் சதுக்கம் 'ப்யாத்ஸெத்த'. அகன்ற திறந்தவெளி என்றால் 'ப்யாத்ஸாலெ'. அழுத்தம் இடம் மாறும்: முதலாவதில் 'ஸெ' மேல், இரண்டாவதில் 'ஸா' மேல். அந்த ஸா மட்டும் நன்றாக நீளலாம்.

படி 4: காம்ப்போ, தமிழர்களுக்கான பொறி

இங்கேதான் நாம் வழுக்குவோம். ம்-க்குப் பின் ப வந்தால் 'கம்பு'வில் வருவதுபோல் நம் வாயில் அது தானாக மெலிந்துவிடும். இத்தாலியத்தில் மெலியக்கூடாது. 'பல்' என்பதில் வரும் வல்லின ப வேண்டும். அதற்காகவே நான் 'காம்ப்போ' என்று எழுதுகிறேன்.

சொல்லுக்குப் பொருள் வயல். வெனிஸில் ப்யாத்ஸ என்ற பெருமை சான் மார்க்கோ சதுக்கத்துக்குத்தான். மற்றவை எல்லாம் காம்ப்போ. அதைவிடச் சின்னது 'காம்ப்யெல்லோ'. ஒரு காலத்தில் புல் முளைத்துக் கிடந்த இடங்கள் அவை. பலவற்றின் நடுவில் மழைநீரை மணலில் வடிகட்டிச் சேமித்த பழைய கிணறுகளின் கல் விளிம்பை இன்றும் பார்க்கலாம். வெனிஸுக்குப் பேருந்தில் போனால் இறங்குமிடமோ 'ப்யாத்ஸாலெ ரோமா'. அதற்கு மேல் வண்டி போகாது.

ரோமில் 'காம்ப்போ தெ ஃப்யோரி' இருக்கிறது: பூக்களின் வயல். காலையில் சந்தை கூடும். 1600-இல் தத்துவஞானி ஜொர்தானோ புரூனோவை உயிரோடு எரித்ததும் இங்கேதான். அவர் சிலை நடுவில் நிற்கிறது. 'ஃப்யோ'வும் படி 2-இல் பார்த்த ஒரே அசைதான்.

படி 5: லார்கோ

'அகலம்' என்று பொருள். தெருக்கள் விரிந்து கூடும் இடம். இதன் க, 'தங்க'த்தில் வரும் மென்மையான க. ரோமின் 'லார்கோ தி தோர்ரெ அர்ஜென்தீனா'வில் அதே எழுத்து (ஆங்கில ஜி) எ-க்கு முன் வருவதால் ஜ ஆகிவிடுகிறது. சீசர் கி.மு. 44-இல் குத்தப்பட்ட இடத்தின் இடிபாடுகள் அங்கே உள்ளன. இப்போது பூனைகளின் ராஜ்யம்.

படி 6: வழி கேளுங்கள்

"ஸ்கூஸி, தொவே ப்யாத்ஸ நவோன?" மன்னிக்கவும், ப்யாத்ஸ நவோன எங்கே? 'தொவே'யின் த, 'பந்து'வில் வருவதுபோல மென்மையாக இருக்கட்டும்; அழுத்தம் 'வே' மேல். பதிலாக "ஸெம்ப்ரெ த்ரித்தோ" என்று வந்தால் நேராக நடையைக் கட்டுங்கள்.